உளூத் தண்ணீரில் ஒரு தோட்டம்



வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கட்டடத்திற்கு மட்டுமே கணக்குப் போடுகிறார்கள். சுவர் எழும்பி, தளம் போட்டு, வண்ணம் பூசி முடிக்கும்போது கையிருப்பும் தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகுதான் வீட்டைச் சுற்றி வெறும் மண்ணாகக் கிடக்கும் இடம் கண்ணில் படுகிறது. குடிபுகும் நாளில் உறவினர்கள் வருவார்களே, அதற்குள் ஏதாவது செய்து பசுமையாக்கிவிட வேண்டுமே என்ற அவசரமும் கூடவே வருகிறது. அந்த அவசரத்தில் செய்யப்படும் செலவு எத்தனையோ குடும்பங்களைக் கடனில் தள்ளியிருக்கிறது. கடனில்லாமல், குறைந்த செலவில் ஒரு சிறு தோட்டம் அமைக்க எங்கள் குடும்பம் எடுத்துக்கொண்ட வழியையும், அதற்கு மார்க்கம் காட்டிய அளவுகோலையும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிட்டுக்கொள்ளும் இடம் ஒரகடம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது முதல் இந்த வட்டாரத்தின் முகம் மாறத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸான், 2012இல் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என ஆலைகள் வரிசையாக வந்தன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வயல்கள் மனைகளாயின. பிழைப்பைத் தேடி இங்கு வந்து வேரூன்றிய குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. மேலப்பாளையத்தில் இருந்த பூர்வீகப் பங்கை விற்ற பணத்தையும் பதினொரு ஆண்டுச் சேமிப்பையும் சேர்த்து, அரை கிரவுண்டு மனை வாங்கி, வட்டிக்கு ஒரு ரூபாயும் வாங்காமல் வீட்டைக் கட்டி முடித்தோம். அல்ஹம்துலில்லாஹ். 1,200 சதுர அடி மனையில் வீடு 800 சதுர அடியை எடுத்துக்கொண்டது. எஞ்சியது 400 சதுர அடி.

அந்த 400 சதுர அடிக்குத் தோட்டம் அமைத்துத் தரும் ஒருவரிடம் மதிப்பீடு கேட்டோம். முன்புறம் 250 சதுர அடிக்குப் புல்வெளி, வாயிலின் இருபுறமும் வளர்ந்த பேரீச்சை மரங்கள் இரண்டு, சிறியதொரு நீரூற்று, சுற்றுச்சுவரை ஒட்டிக் கோனோகார்பஸ் வேலி என்று படம் வரைந்து காட்டினார். செலவு ஒன்றேமுக்கால் இலட்சம். கையில் அவ்வளவு பணம் இல்லையென்றால் தவணையாகக் கட்டலாம், அதற்குக் கடன் ஏற்பாடு செய்து தருவதாகவும் சொன்னார். படம் அழகாகவே இருந்தது. பேரீச்சை மரங்களைப் பார்த்த உறவினர்கள், ‘முஸ்லிம் வீடு என்று பார்த்தவுடன் தெரியும்’ என்று மகிழ்ந்தார்கள்.

எங்களைத் தயங்க வைத்தவை இரண்டு. முதலாவது அந்தத் தவணை. பதினொரு ஆண்டுகள் வாடகை வீட்டில் நெருக்கியடித்து வாழ்ந்தது, வட்டி இந்த வீட்டின் வாசற்படி ஏறக்கூடாது என்பதற்காகத்தான். வாசலில் தடுக்கப்பட்ட வட்டி புல்வெளி வழியாக உள்ளே வந்தால் அந்தப் பதினொரு ஆண்டுகளுக்கு என்ன பொருள்? அதோடு, இது ஆலைகளை நம்பிய ஊர். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கான வீடுகளில் மாதச் சம்பளம் நின்றது. அருகிலுள்ள மறைமலைநகரில் ஃபோர்டு ஆலையின் உற்பத்தி 2022இல் முடிவுக்கு வந்தது. ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ் என்று நம்புகிறவர்களே நாம். ஆயினும் நாளை வரும் என்று நாமாக எண்ணிக்கொள்ளும் சம்பளத்தை இன்றே அலங்காரத்திற்குச் செலவிட்டுவிடுவது தவக்குல் ஆகாது.

இரண்டாவது தண்ணீர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்க ஒரு லிட்டர் வேண்டும். கோடையில் புல்வெளி நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் நீர் கேட்கும். 250 சதுர அடி என்பது 23 சதுர மீட்டர். ஆகவே ஒவ்வொரு நாளும் 115 லிட்டர். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையைச் சுற்றியுள்ள ஊர்கள் லாரித் தண்ணீருக்காக இரவெல்லாம் காத்துக் கிடந்ததை மறந்தவர்கள் நம்மில் இருக்க மாட்டார்கள். மிதிப்பதற்கும் ஆகாமல், தின்பதற்கும் ஆகாமல், பார்ப்பதற்கு மட்டுமே ஆன ஒரு புல்தரைக்கு நாளும் 115 லிட்டர் கொடுக்க எங்கள் மனம் ஒப்பவில்லை.

இந்த இடத்தில்தான் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினோம். ‘இந்தத் தோட்டத்திற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?’ என்று கேட்பதை விட்டு, ‘நம் வீடு நாளும் எவ்வளவு தண்ணீரை விட்டுவிடுகிறது? அதற்குள் எவ்வளவு தோட்டம் அடங்கும்?’ என்று கேட்டோம். முஸ்லிம் வீட்டில் இதற்கு ஒரு தயாரான விடை உண்டு. உளூ.

எங்கள் வீட்டில் தொழுகிறவர்கள் ஐவர். வேலையிலும் பள்ளியிலும் செய்யும் உளூ போக, வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு முறை என்று வைத்துக்கொண்டால் இருபது உளூ. குவளையில் மொண்டு, ஓர் உளூவிற்கு ஒன்றரை லிட்டர் என்றாலும் முப்பது லிட்டர் கிடைக்கிறது. அரிசி, காய்கறி, கீரை கழுவிய நீர் பத்து லிட்டர். ஆக மொத்தம் நாற்பது லிட்டர். இதுவே எங்கள் தோட்டத்தின் வரவு. செலவு இதைத் தாண்டக்கூடாது என்று முடிவு செய்தோம்.

உளூ செய்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். அந்த நீர் தூய்மையானதே. நோயுற்று நினைவிழந்து கிடந்த ஜாபிர் (ரலி) அவர்கள்மீது நபி (ஸல்) அவர்கள் தாம் உளூ செய்த நீரை ஊற்றியதாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. ஒருமுறை பயன்பட்ட நீரைக் கொண்டு மீண்டும் உளூ செய்யலாமா என்பதில்தான் மத்ஹபுகளின் பேச்சு. செடிக்கு ஊற்றுவதில் தடை ஏதும் இல்லை.

பின்புறம் துவைகல்லை ஒட்டி உளூ செய்வதற்கென்று ஒரு தாழ்ந்த திண்ணை கட்டினோம். அதிலிருந்து வழியும் நீர் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய ஒரு வாளியின் வழியாக வடிந்து, மண்ணில் பாதி புதைத்த ஐம்பது லிட்டர் தொட்டியில் சேர்கிறது. கொசு முட்டையிடாதிருக்க அதன்மீது வலை உண்டு. நாள்தோறும் ஃபஜ்ருக்குப் பிறகு தொட்டியை முழுவதும் காலி செய்துவிடுகிறோம். முதல் ஷிப்டுக்குக் கம்பெனிப் பேருந்து வருவதற்குள் இந்த வேலை முடிந்துவிடும். சோப்பு கலந்த குளியல் நீரை இதில் சேர்ப்பதில்லை. அது பின்மூலையில் ஒரு வாழைக்கும் கல்வாழைக்கும் தனியாகப் போகிறது. குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரில் உப்பு மிகுதி. அதைச் செடிக்குக் காட்டாமல் தரை கழுவ வைத்துக்கொள்கிறோம்.

தோட்டம் தழைக்கத் தொடங்கியதும் எங்கள் இளைய மகன் ஒரு நியாயம் கண்டுபிடித்தான். தண்ணீர்தான் மரத்துக்குப் போகிறதே, உளூ செய்யும்போது குழாயை நன்றாகத் திறந்துவிட்டால் என்ன? கேட்பதற்குச் சரியாகவே தோன்றும் நியாயம் இது. எங்கள் உம்மா பாளையங்கால்வாய்க் கரையில் பிறந்து வளர்ந்தவர். வாசலிலேயே ஓடும் நீரைப் பார்த்தவர். அவர்தான் விடை சொன்னார்: “மரத்துக்கு ஊத்தணும்னா மரத்துக்குன்னு நிய்யத் வச்சு ஊத்து வாப்பா. உளூ பேரச் சொல்லி ஊத்தாத.”

அந்த ஒரு வாக்கியத்தில் பெரியதொரு பாடம் அடங்கியிருக்கிறது. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் உளூவில் வீண்விரயம் கூடாது என்று ஸஅத் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரைக் குறித்து அறிஞர்களிடையே பேச்சு இருப்பினும், நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூ செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உறுதியாக உள்ளது. ஒரு முத்து என்பது இன்றைய அளவில் முக்கால் லிட்டருக்குச் சற்று முன்பின். நாங்கள் எடுத்துக்கொண்ட ஒன்றரை லிட்டரே அதைப்போல் இரு மடங்கு! வீணாகும் நீரைப் பயன்படுத்துவது வேறு. பயன்படுத்துவதைக் காரணமாக்கி வீணாக்குவது வேறு. வழிபாட்டின் ஒழுங்கு தோட்டத்திற்காகத் தளரக்கூடாது. நீர் குறைந்தால் பாத்தியின் அகலத்தைக் குறைத்துக்கொள்வோம் என்பதே வீட்டின் சட்டமாயிற்று.

இனி மண்ணைப் பற்றி. புதிய வீட்டைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் மண்ணே அன்று. மேடாக்கக் கொட்டிய கிராவல், உடைந்த செங்கல், சிமெண்டுக் கட்டி, எம்-சாண்ட், ஓட்டுச் சில்லு எல்லாம் சேர்ந்து இறுகிய தரை அது. கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும். அதன்மேல் நான்கு அங்குலச் செம்மண்ணைப் பரப்பிச் செடி நட்டால் முதல் மாதம் பச்சையாக நிற்கும். வேர் கீழே இறங்கியதும் காய்ந்துவிடும். எனவே பணத்தின் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செலவிட்டோம். மரம் வைக்கும் இடங்களில் மட்டும் இரண்டடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, கட்டடக் கழிவை அகற்றி, நல்ல செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பினோம். இரண்டு பேர் ஒரு நாள் முழுவதும் உழைத்தார்கள். கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன நபிமொழியை நினைத்து, அஸருக்கு முன்பே கையில் கொடுத்துவிட்டோம்.

இந்தத் தொழிற்சாலைச் சாலையில் தோட்டக்காரனுக்கு வேண்டிய பல பொருள்கள் வீணாகக் கிடக்கின்றன. கரும்புச்சாறு வண்டிக்காரர் மாலையில் தூக்கிப்போடும் சக்கை, செடியின் அடியில் பரப்பினால் ஈரத்தைக் காக்கும் போர்வையாகிறது. இளநீர்க் கடையின் மட்டையைக் குழியின் அடியில் கவிழ்த்து வைத்தால் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தேநீர்க் கடையின் சக்கைத் தூள் எருக்குழிக்கு நல்லது. ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் வந்திறங்கும் மரத் தட்டுகளைப் பழைய மரக்கடைகளில் மலிவாக வாங்கலாம். கீரைப் பாத்தியின் விளிம்பும், உம்மா அமர ஒரு பலகையும் அவற்றில்தான் செய்தோம். வெளிநாட்டிலிருந்து வரும் மரத் தட்டுகளில் ஒரு முத்திரை இருக்கும். ‘எச்.டி’ என்ற எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது என்று பொருள், ‘எம்.பி’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பதப்படுத்தியது, அதைத் தோட்டத்தில் சேர்க்க வேண்டாம். சாலையோரம் விற்கும் நீல நிறப் பீப்பாய்களிலும் கவனம் தேவை. முன்பு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத பீப்பாயில் உண்ணும் செடியை வளர்ப்பது ஆபத்து.

அடுத்து, எதை நடுவது? பேரீச்சைக்கு முதலில் விடை சொல்ல வேண்டும். அது அருள் நிறைந்த மரம்தான். ஆனால் பழம் முதிரும் பருவத்தில் அதற்கு மழையும் ஈரக்காற்றும் இல்லாத வறண்ட வெப்பம் வேண்டும். கடலுக்கு அருகிலுள்ள நம் பகுதியில் அது பெரும்பாலும் அலங்காரமாகவே நிற்கும். மதீனாவில் பேரீச்சை நட்டவர்கள் தங்கள் மண்ணுக்குரிய, தங்கள் பசி தீர்க்கும் மரத்தை நட்டார்கள். அந்த வழியை இங்கே பின்பற்றினால் முருங்கையைத்தான் நட வேண்டும்! கோனோகார்பஸ் வேலியை நாங்கள் மறுத்தது நல்லதாயிற்று. அதை வளர்க்கத் தமிழ்நாடு அரசே 2025இல் தடை விதித்துவிட்டது. அந்த இடத்தில் எங்கள் வீட்டில் மருதாணி வேலி நிற்கிறது. கிளையை ஒடித்து நட்டால் வளரும். ஆடி வெயிலையும் தாங்கும். பெருநாள் இரவுக்குக் கடையில் கூம்பு வாங்கும் தேவையும் இல்லை.

ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் வரலாறு இங்கே எங்களுக்கு வழிகாட்டியது. அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற அவர்கள் தம் எசமானனுக்கு முந்நூறு பேரீச்சங்கன்றுகள் நட்டுத் தரவும், நாற்பது ஊக்கியா தங்கம் கொடுக்கவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, தோழர்கள் ஒருவர் முப்பது, ஒருவர் இருபது, ஒருவர் பதினைந்து, ஒருவர் பத்து என்று அவரவர் சக்திக்கேற்பக் கன்றுகளைக் கொண்டுவந்தார்கள். குழிகளையும் கூடி வெட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரங்களால் கன்றுகளை நட்டார்கள். ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று முஸ்னது அஹ்மதில் காண்கிறோம். ஒரு மனிதரின் விடுதலைக்கான தோட்டமே பலர் கொடுத்த கன்றுகளால் உருவானது என்றால், நம் வீட்டுத் தோட்டத்திற்குக் கன்று கேட்பதில் கூச்சம் எதற்கு?

எனவே குடிபுகும் நாளுக்கு அழைத்தவர்களிடம் ஒன்றைச் சொன்னோம்: சுவர்க் கடிகாரமும் கண்ணாடிக் கோப்பையும் வேண்டாம், உங்கள் வீட்டில் நன்றாக வளரும் ஒரு செடியின் துண்டு போதும். மேலப்பாளையத்திலிருந்து மருதாணிக் கிளைகளும் முருங்கைப் போத்தும் ஈரச் சாக்கில் சுற்றப்பட்டு வந்தன. பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஒடிசாக் குடும்பம் பசலைக் கொடி கொடுத்தது. எதிர்வீட்டுச் சகோதரி மல்லிகைப் பதியனும் கற்பூரவள்ளியும் கொண்டுவந்தார். கொய்யா, எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவற்றின் கன்றுகளை மட்டும் அரசு தோட்டக்கலைப் பண்ணையில் வாங்கினோம். தனியார் நாற்றங்கால்களை விட அங்கு விலை குறைவு. இரண்டு பப்பாளி தாமாக முளைத்தன. மரங்கள் ஆறு, மருதாணி பன்னிரண்டு, இரண்டு சதுர மீட்டர் கீரைப் பாத்தி, சில கொடிகள். எல்லாவற்றுக்குமான நீரைக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 38 லிட்டர். வரவுக்குள் அடங்கிவிட்டது.

வீட்டைச் சுற்றியுள்ள காலி மனைகளில் ஆடு மேய்க்கும் ஒரு மூதாட்டி உண்டு. பிறந்தது முதல் இதே ஊர்க்காரர். எங்கள் மனை நெல்வயலாக இருந்த காலத்தில் அதில் நாற்று நட்டவர். மக்கிய ஆட்டெருவை அவரிடம்தான் வாங்கினோம். எரு கொட்ட வந்தவர் நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கீழ்ப்புற மூலையைக் காட்டினார். “இந்தப் பக்கந்தாம்மா வாய்க்கா போச்சு. ஐப்பசி பொறக்கட்டும், தண்ணி தன் வழிய மறக்காது, பாருங்க.” மனைப்படத்தில் இல்லாத ஒரு செய்தியை அவர் வாயால் அறிந்தோம்.

இதனால் எங்கள் திட்டமே மாறியது. தெருவில் பலரும் முற்றம் முழுவதும் சிமெண்டு போட்டு, மனையையும் உயர்த்தியிருந்தார்கள். அவ்வாறு செய்தால் நம் வீட்டு மழைநீர் அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தை அனுபவித்த மாவட்டத்தில் இது சிறு விஷயம் அன்று. நீரும் அண்டை வீட்டாரும் பற்றிய ஒரு வழக்கு நபி (ஸல்) அவர்களிடமே வந்தது. ஸுபைர் (ரலி) அவர்களின் தோட்டம் வாய்க்காலின் மேட்டில் இருந்தது. ஓர் அன்சாரியின் தோட்டம் அதற்குக் கீழே இருந்தது. உம் தோட்டத்திற்குப் பாய்ச்சிக்கொண்டு பிறகு அண்டை வீட்டாருக்கு நீரை விடுவீராக என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் முதலில் தீர்ப்பளித்தார்கள் என்று புகாரியில் உள்ளது. மேட்டில் இருப்பவனுக்கு உரிமை உண்டு. ஆனால் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற நினைவும் அவனுக்கு வேண்டும். அங்கே நீர் கிடைக்காத குறை. இங்கே நீர் வந்து தேங்கும் குறை. இரண்டிலும் கீழே இருப்பவரை நினைப்பதே கடமை.

ஆகவே முற்றத்திற்குச் சிமெண்டு போடவில்லை. நடைபாதைக்கு மட்டும் உடைந்த ஓட்டையும் செங்கல்லையும் மணலில் பதித்தோம். கீழ்ப்புற மூலையைத் தாழ்வாகவே விட்டு, அங்கே கருங்கல் ஜல்லி நிரப்பிய உறிஞ்சுகுழி அமைத்து, மாடிக் குழாய்களை அதில் இறக்கினோம். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பது நாமறிந்ததே. ஆனால் பெயருக்கு ஒரு குழாயை மண்ணில் செருகி வைப்பதற்கும் உண்மையான குழிக்கும் வேறுபாடு பெரிது. இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 800 சதுர அடிக் கூரையில் அது ஏறத்தாழ 89,000 லிட்டர். வழியில் இழப்பது போக எழுபதாயிரம் லிட்டர் மண்ணுக்குள் இறங்கினாலும், 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய ஆறு லாரித் தண்ணீர். ஐப்பசி அடைமழை வந்தது. மூதாட்டி சொன்னபடியே கீழ்மூலையில் நீர் கூடியது. மறுநாள் லுஹருக்குள் குழி அதைக் குடித்துவிட்டது. அடுத்த வீட்டு வாசல் காய்ந்தே இருந்தது.

மழைக்கு முன் குழி வெட்டி, முதல் மழைக்குப் பின் கன்று வைப்பது செலவைக் குறைக்கும் எளிய வழி. ஐப்பசி முதல் மார்கழி வரை வானமே நீர் ஊற்றும். கோடை வருமுன் வேர் இறங்கிவிடும். ஆனால் இது புயலின் காலமும்கூட. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயல் இந்தப் பகுதிகளில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்பதை நாம் கண்டோம். கன்றுக்கு இருபுறமும் கழி நட்டு, சணல் கயிற்றால் தளர்வாகக் கட்ட வேண்டும். சுவரை ஒட்டியோ மின்கம்பியின் கீழோ உயரமான மரம் வைக்கக்கூடாது.

இதுவரை சொன்னவை எல்லாம் சுவருக்கு உள்ளே. எங்கள் தோட்டத்தின் முதன்மையான மரம் சுவருக்கு வெளியே நிற்கிறது. எங்கள் தெருமுனையில்தான் இரண்டாம் ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளர்கள் கம்பெனிப் பேருந்துக்காக நிற்பார்கள். நண்பகல் கடந்த வெயிலில், ஒரு மின்கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். ஊராட்சியில் சொல்லி அனுமதி பெற்று, கம்பி செல்லாத பக்கத்தில் ஒரு புங்கன் கன்றை நட்டோம். புங்கன் நம் மண்ணின் மரம், வறட்சியைத் தாங்கும், அடர்ந்த நிழல் தரும். மக்கள் நடக்கும் வழியையும் அவர்கள் தங்கும் நிழலையும் அசுத்தப்படுத்துவதை நபி (ஸல்) அவர்கள் சாபத்திற்குரிய செயலாக எச்சரித்தார்கள் என்று முஸ்லிமில் உள்ளது. நிழலைக் கெடுப்பது அவ்வளவு பெரிய குற்றமென்றால், நிழலை உண்டாக்குவதன் நன்மையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். இப்போது அது ஓர் ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது. நிழல் ஒருவருக்குத்தான் போதும். ஆயினும் அந்த ஒருவர் தம் கைப்புட்டியில் மீந்த தண்ணீரை அதன் அடியில் ஊற்றிவிட்டுப் பேருந்தில் ஏறுவதை உம்மா சாளரத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

ஒரு முஸ்லிம் நட்டதை மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்ற கருத்துள்ள நபிமொழி நாம் எல்லோரும் அறிந்தது. அதைச் சோதிக்கும் நாளும் வந்தது. மூதாட்டியின் ஆடுகள் இரண்டு, வாயிற்கதவு திறந்திருந்த நேரத்தில் புகுந்து கீரைப் பாத்தியை மொட்டையடித்தன. பிள்ளைகள் கோபத்தில் குதித்தார்கள். “எழுதியாச்சு, விடுங்க. இனி கதவச் சாத்துங்க” என்றார் உம்மா. தர்மத்தின் கணக்கும் உண்டு, கதவைச் சாத்தும் கடமையும் உண்டு. இருபது நாளில் கீரை மீண்டும் தழைத்தது.

செலவுக் கணக்கை அறிய விரும்புவோருக்காக: செம்மண் 3,500 ரூபாய், எரு 2,000, குழி வெட்டிய கூலி 1,800, மண்வெட்டி, கடப்பாரை முதலிய கருவிகள் 1,400, கன்றுகள் 1,150, குழாயும் தொட்டியும் 950, மரத் தட்டுகள் 600. மொத்தம் 11,400 ரூபாய். குடிபுகுந்த நாளில் இதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது உண்மை. குச்சிகளும் குழிகளும் கரும்புச் சக்கையும்தான் இருந்தன. வந்தவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். தோட்டம் என்பது வாங்கிக் கொண்டுவந்து வைக்கும் பொருள் அன்று. அது வளர வேண்டியது என்று சொல்லி அவர்களுக்கு உணவு பரிமாறினோம். அவர்களுள் இருவர் இந்த ஆண்டு எங்களிடம் மருதாணிக் கிளை கேட்டு வாங்கிச் சென்றார்கள்.

புது வீடு கட்டும் சகோதர சகோதரிகளுக்கு எங்கள் வேண்டுகோள் இவ்வளவே. முதலாண்டில் மண்ணைச் சீர்செய்யுங்கள். மழைநீருக்கு வழி செய்யுங்கள். உளூவின் நீரைச் சேருங்கள். அந்த அளவுக்குள் நடுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் கிளை கேளுங்கள், கேட்பவருக்குக் கொடுங்கள். இயன்றால் ஒரு மரத்தையாவது சுவருக்கு வெளியே வையுங்கள். அலங்காரம் வேண்டுமானால் பிறகு வரட்டும். கடனில் மட்டும் வர வேண்டாம்.

நம் இல்லங்களிலும் நாம் நட்டவற்றிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நாம் மறைந்த பின்னும் பிறர் நிழல் பெறும் மரங்களை நம் கைகளால் நடும் பேற்றை அருள்வானாக. ஆமீன்.